மாமாவுக்கு, 26ஆம் தேதிக்கு முன்னால்

மாமா,

டிசம்பர் 26ஆம் தேதி காலையில், சுனாமியில் போன ஆயாவுக்குப் பால் ஊற்ற தேவனாம்பட்டினம் கரைக்கு வருகிறேன். இத்தனை வருஷமும் நீங்கள் கிளம்பிய பிறகுதான் வந்தேன். இந்த முறை உங்கள் கூடவே நிற்பதென்று முடிவெடுத்துவிட்டேன். நேரில் சொன்னால் சண்டையில் முடியும், அதனால் எழுதுகிறேன். உங்கள் ஊர், எங்கள் ஊர் இரண்டு ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். ஆகவே வலைக்காக நடந்த அந்த அடிதடி பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

எனக்குக் கேட்க வேண்டியது அந்த மத்திக் கூடையைத்தான். மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் உங்கள் சுருக்குமடி வலையில் பெரிய மீன்பாடு விழுந்த அன்று அப்பாவின் வலையில் எண்ணெய்க் காசுக்குக்கூட மீன் இல்லை. சாயங்காலம் அத்தை கூடை நிறைய மத்தி கொடுத்தனுப்பினார். அம்மா தொடவில்லை. அப்பா வலையைப் பிரித்தபடியே இருந்தார், வாசல் பக்கம் திரும்பவே இல்லை. விடியும்போது நாய்கள் இழுத்துப் போட்டிருந்தன. உங்கள் அக்காதான் கூட்டி அள்ளினாள்.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குத்திக்காட்டல். போன மாதம்தான் அத்தை பேச்சுவாக்கில் சொன்னார்: அன்றைக்கு உங்கள் பங்கு முழுக்க நகைக்கடனுக்குப் போய்விட்டதாம், கறிக்கென்று கைக்கு வந்ததே அந்தக் கூடை மட்டும்தானாம். அதை அப்படியே எங்களுக்கு அனுப்பினீர்களா? நாலு மீனாவது எடுத்து வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா மாமா?

சரி, ஏன் சொல்லவில்லை? அப்பா சாகும்வரை அந்தக் கூடையைச் சொல்லிச் சொல்லியே உங்களைத் திட்டினார். ஒரு வார்த்தை போதுமே. உங்கள் வீம்புக்கு நாங்கள் இத்தனை வருஷம் கொடுத்தோம்.

வலை விஷயத்தில் நான் மாறவில்லை. 2000இல் தமிழக அரசு சுருக்குமடிக்குத் தடை போட்டது சரி என்றுதான் இன்னமும் சொல்வேன். வளைத்து அடிக்கயிற்றை இழுத்தால் குஞ்சும் சேர்ந்துதான் வரும். 2023இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அனுமதித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் பக்கக் கணக்கை அப்போது போட்டுப் பார்க்கவில்லை. இரண்டே நாள், போய் வரும் நேரமும் அதற்குள்ளேயே, அத்தனை பேருக்குக் கூலி. வட்டி மட்டும் ஏழு நாளும்.

மன்னிப்பு என்றால், பேசாமல் இருந்ததற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் எனக்குக் காரணம் இருந்தது.

அம்மாவும் வருகிறாள். அத்தை சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை, நீங்களே சொல்லுங்கள். அப்புறம், வலைப் பேச்சை எடுத்தால் நானும் பதில் பேசுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.