அலுமாரிப் புத்தகங்களும் உன் தோழியின் கேள்வியும்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தபோது பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். நீ சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, கறையான் பிடிக்குமுன் என் அலுமாரிப் புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய். மற்றது, உன்னோடு வேலை செய்கிற பிள்ளை, கத்தோலிக்கரல்லாத வேறு கிறிஸ்தவ சபைக்குப் போகிறவள், "நீங்கள் ஏன் மரியாளைக் கும்பிடுகிறீர்கள்?" என்று கேட்டாளாம், உனக்குப் பதில் வரவில்லையாம். இரண்டுக்கும் "பார்ப்போம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பதில் முழுவதும் அந்த அலுமாரிக்குள்தான் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையோடு சண்டை பிடிக்காதே. கேட்டது நியாயமான கேள்வி. ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், மாதாவுக்கு நாங்கள் கொடுப்பது வணக்கம், அவவிடம் கேட்பது எங்களுக்காக மன்றாடச் சொல்லி. கோவிலில் சொல்லித் தந்த இந்தப் பதில் சரியானதுதான். ஆனால் கேட்கிறவருக்கு அது சட்டத்தரணி பேச்சு மாதிரி இருக்கும்.

உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் எல்லாரும் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் ஆயர்களே இதைப்பற்றி மோதிக்கொண்டார்கள் என்பது உனக்குத் தெரியுமா? மாதாவைப் பற்றித் தனியாக ஓர் ஏடு எழுதுவதா, திருச்சபையைப் பற்றிய ஏட்டுக்குள்ளேயே ஓர் அதிகாரமாகச் சேர்ப்பதா என்று 1963 ஒக்டோபர் 29 அன்று வாக்கெடுத்தார்கள். உள்ளே சேர்க்கவேண்டும் என்று 1114 பேர், தனியாக வேண்டும் என்று 1074 பேர். நாற்பது வாக்குத்தான் வித்தியாசம். அப்படி வந்ததுதான் 1964இல் வெளியான ஏட்டின் எட்டாவது அதிகாரம். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவர் இயேசு ஒருவரே, மாதாவின் பங்கு அதை மறைக்காது, குறைக்காது என்று அது தெளிவாகச் சொல்கிறது. அத்தனை பெரியவர்கள் அவ்வளவு யோசித்த இடத்தில், உனக்குப் பதில் வராமல் போனதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

1995 ஜனவரியில் காலிமுகத்திடலுக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். உனக்கு ஞாபகம் இருக்காது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) வந்து யோசேப் வாஸ் அடிகளாரை, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பெற்றவராக அறிவித்த நாள் அது. அந்தப் பாப்பரசருக்கே இளவயதில் இதே சந்தேகம் இருந்தது. மாதா பக்தி கூடினால் கிறிஸ்து பின்னுக்குப் போய்விடுவாரோ என்று பயந்தாராம். போர்க்காலத்தில் போலந்தில் சோடா தொழிற்சாலையில் வேலை செய்தபோது, புனித லூயி மோன்போர் மாதா பக்தியைப் பற்றி எழுதிய நூலைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறார். அட்டையில் சோடாக் கறை படிந்துவிட்டதாம். மாதாவிடம் போகிறவனை அவ தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, மகனிடம்தான் அனுப்புகிறா என்று அதில்தான் தெளிந்தார். பிறகு பாப்பரசரானபோது எடுத்துக்கொண்ட விருதுவாக்கும் மோன்போரிடமிருந்து வந்ததுதான்.

அந்தப் புத்தகத்தின் கதை இன்னும் விசேஷம். மோன்போர் 1716இல் இறந்துவிட்டார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கையெழுத்துப் பிரதியைப் பெட்டிக்குள் வைத்து ஒளித்திருக்கிறார்கள். 1842இல்தான் அது திரும்பக் கிடைத்தது. இந்த எழுத்தை ஒரு பெட்டியின் இருட்டுக்குள் புதைக்கப் பார்ப்பார்கள் என்று அதே நூலுக்குள் அவரே எழுதி வைத்திருக்கிறார்! ஆகவே மகள், என் அலுமாரியைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கவனம்.

எனக்கு மோன்போரைவிட நெருக்கமானவர் யோசேப் வாஸ். மோன்போர் அந்த நூலை எழுதுவதற்கு முப்பது வருஷத்துக்கும் முன்னமே, 1677 ஓகஸ்ட் 5 அன்று, கோவாவில் தன்னை மாதாவுக்கு அடிமையாக எழுதிக் கொடுத்தவர் அவர். பத்து வருஷம் கழித்து, ஒல்லாந்தர் குருக்களைத் துரத்தி, பூசையைத் தடைசெய்து வைத்திருந்த இந்த நாட்டுக்குக் கூலியாள் வேஷத்தில் வந்து இறங்கினார். யார் கத்தோலிக்கர் என்று தெரியாது, கேட்கவும் முடியாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை எடுத்தாராம். அதைப் பார்த்து முகம் மாறுகிறவர்கள் நம்மாட்கள் என்று கண்டுபிடிக்கலாமே! அதற்கு முன்பு, 1670இல், மாந்தையில் இருந்த சனம் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதுதான் மடுத் திருத்தலத்தின் தொடக்கம். குருவானவரே இல்லாத வருஷங்களில் அந்தச் சனத்தின் கையில் மிஞ்சியது செபமாலைதான்.

வாஸ் அடிகளாரோடு நின்றுவிட்டால் கதையில் பாதிதான். 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்தார். சிங்களம், தமிழ் இரண்டிலும் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். கொழும்பில் அச்சகம் வந்தது ஒல்லாந்தர் கையில். நம்மாட்கள் ஓலையில் பார்த்துப் பார்த்து எழுதி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஒரு பிரதி எழுதி முடிக்க எத்தனை இரவு விழித்திருப்பார்கள் என்று நினைத்தால், என் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட எனக்கு மனம் வராது.

அதற்காக எல்லாவற்றையும் வைத்திருக்கப் போவதுமில்லை. இன்ன திகதியில் மூன்று நாள் இருட்டு வரும் என்று பயம் காட்டுகிற புத்தகங்கள், இந்தச் செபத்தைப் பதினைந்து பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் நடக்கும் என்கிற துண்டுகள் எல்லாம் கட்டி வைத்தாயிற்று, போகட்டும். இப்போது அதே துண்டுதான் வாட்ஸ்அப்பில் வருகிறது. உன் பெரியம்மாவுக்கும் சொல்லிப் பார்த்தேன், கேட்கிறமாதிரி இல்லை. மாதாவை மிரட்டுகிறவவாகக் காட்டுகிற எழுத்தை நான் நம்புவதில்லை.

குழந்தை இயேசுவின் தெரேசாவும் என் கட்சிதான். மாதா அரசி என்பதைவிடத் தாய் என்று சொன்னவ அவ. செபமாலை சொல்ல எனக்கு மனம் நிற்பதில்லை என்றாயே, அதற்கும் தெரேசாவிடம் போ. தனியாகச் செபமாலை சொல்வது தவக் கருவியைப் போட்டுக்கொள்வதைவிடக் கஷ்டம் என்று ஒரு கார்மேல் கன்னியாஸ்திரி, ஒரு புனிதை, எழுதி வைத்திருக்கிறா. அதை வாசித்த அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. அவ என்ன செய்தா தெரியுமா? ஒரு பரலோக மந்திரத்தையும் ஒரு மங்கள வார்த்தையையும் மிக மெதுவாகச் சொன்னா. நீயும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் போகும்போது அப்படிச் சொல்லலாம்.

பழைய ஐரோப்பிய ஓவியங்களில் கபிரியேல் தூதர் வரும்போது மாதா பெரும்பாலும் ஒரு புத்தகத்தோடு இருப்பா. நற்செய்தியில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஓவியர்கள் பிழை விடவில்லை என்றே நான் சொல்வேன். எலிசபெத்தின் வீட்டில் அவ பாடிய பாட்டையும், சாமுவேல் முதல் புத்தகத்தில் அன்னா பாடிய பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார். வேதத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஒருத்தியின் வாயிலிருந்துதான் அப்படி ஒரு பாட்டு வரும். நடந்தவற்றை உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தா என்று லூக்கா ஒரே அதிகாரத்தில் இரண்டு தரம் எழுதுகிறார். வாசிக்கிறவர்களுக்கும் அதே வேலைதானே.

சரி, உன் தோழிக்கு என்ன சொல்வது? கானாவூர்க் கலியாணத்தை அவளோடு சேர்ந்து வாசி. "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்." நற்செய்திகளில் மாதா பேசியதாக வருகிற கடைசி வசனம் அதுதான். அதற்குப் பிறகு சிலுவையடியில் நிற்கிறா, பேசவில்லை. நான் ஏன் மாதாவிடம் போகிறேன் என்று கேட்டால், என்னை அந்த வசனத்துக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறவ அவ என்றுதான் சொல்வேன். அவளும் வேதம் வாசிக்கிற பிள்ளை, இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. மாதாவைப் பல பெயர்களால் கூப்பிட்டு மன்றாடுகிற மாதா பிரார்த்தனையில் பாப்பரசர் பிரான்சிஸ் 2020இல் மூன்று புது அழைப்புகளைச் சேர்த்தார். அதில் ஒன்று, ஊரைவிட்டுப் போனவர்களுக்கு ஆறுதலானவ என்பது. அந்த வரி வரும்போதெல்லாம் அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பா. டொரண்டோவில் நீங்கள் சொல்லும் பிரார்த்தனையில் அது இருக்கிறதா என்று பார்.

நவம்பரில் சின்னம்மா வருகிறா. கிறிஸ்துவைப் பின்பற்றி வாழச் சொல்லித் தருகிற கிறிஸ்துநாதர் அனுசாரம், தெரேசாவின் சுயசரிதை, மோன்போரின் நூல், அம்மம்மாவின் பழைய செபப்புத்தகம், இந்த நாலும் உனக்கு. வீரமாமுனிவரின் காவியம் தேம்பாவணியை இப்போதைக்கு அனுப்பவில்லை. 3615 பாட்டையும் வாசித்துவிட்டேன் என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன், இன்னும் பாதியில்தான் நிற்கிறேன். சின்னம்மாவின் பெட்டி ஒவ்வொன்றும் 23 கிலோ, அதில் ஒன்று முழுக்கக் கருவாடும் மிளகாய்த்தூளும் என்று உன் அம்மா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டா. புத்தகம் மற்றப் பெட்டியில்தான் போகவேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் போனில் ஒருதரம் சொல், உன் பேச்சைத்தான் கேட்பா.

அன்புடன்,
அப்பா
கொட்டாஞ்சேனை