காமிக்ஸ் வாசகர் வட்டம், கடலூர்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பார்த்தாலே சிரிப்பு வரும், எல்லோரும் மறந்துபோன காமிக்ஸ் வில்லன்களை இன்றைய வாசகர்களுக்குத் திரும்ப எப்படிக் கொண்டுவருவது? இந்த ஆண்டு முழுக்க இதைப் பற்றியே படித்துப் பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல மஞ்சக்குப்பத்தில் நடந்தன. டிசம்பரில் மட்டும் கூட முடியவில்லை. ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் வந்த நேரம். சில உறுப்பினர்கள் பைண்டிங் செய்து வைத்திருந்த பழைய இதழ்கள் நனைந்து வீணாயின. தங்களிடம் இரண்டு பிரதி இருந்ததில் ஒன்றைக் கொடுத்து உதவியவர்களுக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

அமெரிக்காவில் 1954இல் காமிக்ஸ் நெறிமுறைக் குழு வந்தது. கொடூரம், ரத்தம், பயங்கரம் எதையும் காட்டக்கூடாது என்றார்கள். அப்புறம் வில்லனுக்கு வேறென்னதான் கொடுப்பது? பட்டம், பொட்டு, ஐஸ் துப்பாக்கி என்று கொடுத்தார்கள். 1960இல் பேட்மேனை எதிர்க்க வந்த கைட் மேன் பட்டத்தில் தொங்கிக்கொண்டு திருடினான். 1962இல் வந்த பொட்டு வில்லனின் (போல்கா டாட் மேன்) ஆயுதம் அவன் சட்டையில் இருந்த வண்ண வட்டங்கள். இருவரும் வந்த சுவடு தெரியாமல் போனார்கள்.

கைட் மேனைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். 2017இல் பேட்மேன் கதைகளை எழுதிய டாம் கிங் அவனை மறுபடி எழுதினார். ரிட்லர் என்ற இன்னொரு வில்லன் பட்ட நூலில் விஷம் தடவிவிட, கைட் மேனின் சின்னப் பையன் அதைத் தொட்டு இறந்துபோகிறான். பட்டம் அதே பட்டம்தான். இப்போது அதைப் பிடித்திருப்பவன் மகனை இழந்த அப்பன். நூல் உயிரைக் குடிக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாஞ்சா நூல் கழுத்தை அறுத்த செய்திகளைப் படித்துப் படித்து நொந்தவர்கள் நாம். அன்றைக்கு அந்தப் பக்கங்களை வாசித்தபோது கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

சரி, எல்லா வில்லனுக்கும் ஒரு சோகத்தை ஒட்டவைத்தால் போதுமா என்று துணைத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் கருத்து இதுதான்: கோமாளித்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் அந்த வில்லனே மிஞ்சமாட்டான். 2021இல் வந்த ‘தி சூசைட் ஸ்குவாட்’ படத்தின் பொட்டு வில்லனைப் பாருங்கள். உடம்பில் முளைக்கும் வட்டங்களைத் தினமும் இருமுறை வெளியேற்றாவிட்டால் அவை அவனையே தின்றுவிடும். பொட்டு அப்படியே இருக்கிறது, பார்க்க இன்னமும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது அவனுக்கு நோய்.

பிப்ரவரி கூட்டத்தில் ஸ்பைடரை எடுத்தோம். ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறு. 1965இல் பிரிட்டிஷ் வார இதழில் குற்றவாளிகளின் மன்னனாக அறிமுகமாகி, பிறகு நல்லவனாக மாறியவன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுதியவை அவன் கதைகளில் பல. அவனுடைய பறக்கும் வண்டியான ஹெலிகாரையும் வலைத் துப்பாக்கியையும் பார்த்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் கதைகளைத் தமிழில் வெளியிட்ட லயன் காமிக்ஸ் வாங்க மிட்டாய்க் காசைச் சேர்த்த மூத்த உறுப்பினர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. கூட்டம் முடிந்தும் டீக்கடை வாசலில் பேச்சு நிற்கவில்லை. பிள்ளைகளில் மூவர் பழைய இதழ்களை இரவல் வாங்கிப் போனார்கள்.

உறுப்பினர்கள் சொந்தமாக வரைந்தவற்றில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருவரின் ‘உப்புமூட்டை’ என் மனதை விட்டுப் போகவில்லை. ஊரில் உள்ள சமையல்கட்டு எல்லாவற்றிலும் உப்பைத் திருடுகிறான் வில்லன். முதல் பக்கத்தில் ஹோட்டல் சாம்பார் வாளிக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறான், முதுகில் மூட்டை. மூன்றாம் பக்கத்தில் ஒரே கட்டம், அதில் வெடித்து வெளுத்த அவன் பாதங்கள் மட்டும். மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தவன் அவன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கினால் கூலி இல்லை. நான்காம் பக்கத்திலும் மூட்டையோடு ஜன்னலில் மாட்டிக்கொண்டு கால்களை உதைக்கிறான். அதை நீக்கச் சொன்னவர்களுக்கு அந்தப் பெண் இணங்கவில்லை. இணங்காதது நல்லதாயிற்று.

வரும் ஆண்டில் இதையும் மற்ற கதைகளையும் சேர்த்து ஜெராக்ஸ் புத்தகமாகப் போட்டு, பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுக்க நிர்வாகக் குழு விரும்புகிறது. அதற்கான தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். எழுத்துகளைத் திருத்த இருவரும், அட்டை வரைய ஒருவரும் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்