ஆம்புலன்ஸில் பணிபுரியும் மகளுக்கு

அன்புள்ள மீனா,

போதைக்காகவும் விற்கப்படும் ஃபென்டனில் என்ற கடும் வலிமருந்து தோலில் பட்டாலே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார் என்று உன்னோடு வேலை செய்பவர்கள் பயப்படுவதாகச் சொன்னாய். அந்தப் பயம் வெறும் வதந்தியில் பிறந்ததில்லை. 2016இல் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு நிர்வாகமே, தோல் வழியாக ஏறினாலும் கொல்லும் என்று போலீஸாரை எச்சரித்தது. மறுவருடமே நச்சியல் மருத்துவர்களின் இரண்டு அமைப்புகள் அலசிப் பார்த்து, தற்செயலாகத் தோலில் படுவதால் மூச்சு அடங்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அறிவித்தன. நைட்ரைல் கையுறை போதும். தூள் காற்றில் பறக்கும் இடமென்றால் என்95 முகக்கவசம் போட்டுக்கொள். கையில் பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும்தான். சானிடைசர் தொடாதே, அது மருந்தை உள்ளே ஏற்றிவிடக்கூடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வது ஏன் தெரியுமா? பயந்த கை தாமதிக்கும். போதை மிஞ்சி உதடு நீலம் பாரித்துக் கிடப்பவருக்கு அந்தத் தாமதம் தாங்காது. கையால் அழுத்தும் ஆம்பு பையால் மூச்சுக் கொடு, மூக்கில் நலாக்சோன் என்ற முறிமருந்தை அடி, இரண்டு மூன்று நிமிடம் பார்த்து மறுபடியும் கொடு. சைலசின் என்ற விலங்கு மயக்க மருந்து கலந்திருந்தால் நலாக்சோன் அதை முறிக்காது. கண் திறக்கவில்லையே என்று பதறாதே. மூச்சு ஓடுகிறதா என்று மட்டும் பார். வார்டில் காலமெல்லாம் மார்ஃபின் ஊசி போட்டவள் சொல்கிறேன்.

போதை மிஞ்சி விழுபவர்களைக் குறிக்கும் ஓ.டி. மேப் என்ற வரைபடத்தில் பதிவதற்கு அலுத்துக்கொள்கிறாய். வாஷிங்டன், பால்டிமோர் வட்டாரப் போதைக் கடத்தல் தடுப்புத் திட்டத்தினர் 2017இல் தொடங்கிய அந்த வரைபடத்தில் இடம், நேரம், பிழைத்தாரா, எத்தனை முறை நலாக்சோன் என்பவைதான் கேட்கிறார்கள், பெயர் கேட்பதில்லை. 24 மணி நேரத்தில் ஒரு பகுதியில் எண்ணிக்கை எகிறினால் எச்சரிக்கை போகிறது. நச்சுச் சரக்கு வந்திருக்கிறது என்று சுகாதாரப் பணியாளர்கள் அந்தத் தெருவுக்கே நலாக்சோனோடு போகலாம். நீ பதியாமல் விட்டால் அங்கே அடுத்து விழப்போகிறவருக்கு யார் சொல்வார்கள்?

அதே வரைபடத்தைப் போலீஸாரும் பார்க்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தல்தான். சீருடையைக் கண்டதும் கூட இருந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள் என்றாயே, அவர்களை நினைத்துத்தான். மேரிலாந்து மாநிலத்தில் உதவிக்கு அழைத்தவரையும் விழுந்து கிடப்பவரையும் போதைப்பொருள் வைத்திருந்ததற்காகக் கைது செய்யாமல் காக்கும் சட்டம் இருக்கிறது. இறங்கியதுமே அவர்களிடம் அதைச் சொல்லிவிடு. எதை, எவ்வளவு, எப்போது போட்டார் என்று உனக்குச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

அன்புடன்,
அம்மா