களவுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கிலாந்தில் இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை ஆங்கில வகுப்பை மட்டும் விடுவதில்லை. போன வாரம் அங்கே ஒரு சொல் வந்தது, உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

க்ளாண்டெஸ்டின். யாருக்கும் தெரியாமல் செய்வது என்று பொருள். லத்தீனில் 'க்ளாம்' என்றால் 'தெரியாமல்'. அதிலிருந்து 'க்ளாந்தெஸ்தீனுஸ்', பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது.

எடுத்துக்காட்டு கேட்டார்கள். மூன்று மாதமாக இரவு வேலை பார்ப்பதை அம்மாவிடம் மறைத்திருக்கிறேனே, அதைச் சொன்னேன். இந்தச் சொல் அதற்குப் பொருந்தாது என்றார் ஆசிரியை. இதில் குற்றத்தின் வாடை உண்டாம். உளவு, சதி, திருட்டுக் கல்யாணம் இவற்றுக்குத்தான் சரி. 1753இல் இங்கே போட்ட திருமணச் சட்டத்தின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அதற்கு முன் லண்டனில் ஃப்ளீட் சிறையைச் சுற்றி, முன்னறிவிப்பே இல்லாமல், காசு வாங்கிக்கொண்டு பாதிரியார்கள் மணம் முடித்து வைத்தார்கள். அந்த மாதிரி மணங்களைத் தடுக்க வந்த சட்டம் அது.

எனக்கு உடனே நீங்கள் நடத்திய களவியல் ஞாபகம் வந்தது. களவு என்றால் திருட்டுதான். ஆனாலும் தொல்காப்பியர் மணத்துக்கு முந்தைய மறைவான காதலுக்கு அந்தப் பெயரிலேயே தனி இயல் வைத்து, அடுத்ததாக மணவாழ்வுக்குக் கற்பியலை வைத்தாரே! ஊருக்குத் தெரியாத அன்பு அங்கே குற்றமாகவில்லை. இதை வகுப்பில் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை, அந்த ஏக்கம் இன்னும் போகவில்லை.

என் விஷயத்துக்கு 'சீக்ரெட்' போதுமாம். அதன் லத்தீன் வேரில் 'செ' என்றால் தனியாக, 'கெர்நெரே' என்றால் சலித்துப் பிரிப்பது. சலித்து ஒதுக்கி வைத்ததுதான் சீக்ரெட். அதைக் காப்பவர் செக்ரட்டரி! நம் ரகசியமும் 'தனிமை' என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்ன நினைவு. சரிதானா?

அம்மா கவலைப்படுவாளே என்றுதான் ஒதுக்கி வைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும், "ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று கேட்கிறாள். நானும் "ம்" என்கிறேன். இந்தக் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டுங்கள், அப்பா.

உங்கள் அன்பு மகன்