தவளைக்குப் போகும் காசு: நன்கொடை திரட்டும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக்காக ஓடியும் நடந்தும் கோயில் வாசலில் உண்டியல் பிடித்தும் பணம் திரட்டும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் ஒருவர், "பிள்ளைகளுக்கென்று கொடுத்த காசு தவளைக்கு ஏன் போகிறது?" என்று கேட்டதாக அறிந்தேன். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய்வந்த யாரும் அப்படித்தான் கேட்பார்கள். தினமும் தவளைக் கருக்களோடு வேலை செய்கிறவள் நான். பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

பெரியவர்களின் நுரையீரல் புற்றுநோய்க்குப் பின்னால் பல வருடப் புகை இருக்கலாம். இரண்டு வயதுக் குழந்தை என்ன செய்திருக்கும்? நியூரோபிளாஸ்டோமாவின் தொடக்கம் பெரும்பாலும் கருவிலேயே இருக்கிறது. கருவில் முதுகுத்தண்டு உருவாகும் இடத்தின் ஓரத்திலிருந்து, நரம்பு முகடு செல்கள் எனப்படும் ஒரு கூட்டம் கிளம்பி உடலெங்கும் பயணம் போகிறது. அதில் ஒரு பகுதி முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளாகவும், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியாகவும் மாற வேண்டும். மாறாமல், பாதி வழியில் நின்று பெருகிக்கொண்டே இருக்கும் செல்கள்தான் இந்தக் கட்டி. பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 100 பிள்ளைகளுக்கு வருகிறது. பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள்.

தவறு நடக்கும் அந்த நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. வயிற்றில் கட்டி என்று டாக்டரிடம் வரும்போது காலம் கடந்திருக்கும். அம்மாவின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க முடியாது, எலியின் கருவும் உள்ளேதான் வளர்கிறது. தவளையின் கரு தண்ணீரில், நம் கண் முன்னால் வளர்கிறது.

நாங்கள் வைத்திருப்பது ஆப்பிரிக்க நகத் தவளை. 1930களில் தொடங்கிச் சில பத்தாண்டுகள், பெண்களின் கர்ப்பத்தை உறுதிசெய்ய ஆஸ்பத்திரிகளில் இதைத்தான் வைத்திருந்தார்கள். கர்ப்பிணியின் சிறுநீரைச் செலுத்தினால் ஒரு நாளுக்குள் முட்டையிட்டுவிடும். இன்றும் ஹார்மோன் ஊசி ஒன்று போட்டால் நூற்றுக்கணக்கில் முட்டை கிடைக்கிறது. தாய்த் தவளை திரும்பத் தொட்டிக்குப் போய் மாதக்கணக்கில் ஓய்வெடுக்கிறது.

சிறு கடுகளவு முட்டை, மேல்பாதி கறுப்பு, கீழ்பாதி வெளுப்பு. கருவுற்ற ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு செல்லாகப் பிரியும். ஒரு செல் உடலின் இடப்பக்கம் ஆகும், மற்றது வலப்பக்கம். நாங்கள் ஆராயும் மரபணுவின் செய்தியை ஒரு செல்லில் மட்டும் நுண்ணூசியால் செலுத்துவோம். அப்புறம் ஒரே கருவில் ஒரு பக்கம் மாற்றியது, மறுபக்கம் மாற்றாதது. எது எதனால் என்று ஒப்பிட வேறு கரு தேவையில்லை. இத்தனை வருடம் கழித்தும் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

சரி, இதனால் குழந்தைகளுக்கு என்ன பயன்? கேம்பிரிட்ஜில் ஆய்வாளர் அன்னா ஃபில்பாட்டின் குழு இந்தக் கருக்களில் ஏஎஸ்சிஎல்1 என்ற புரதத்தை ஆராய்ந்தது. நரம்பு முகடு செல்லை நரம்பாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு. ஆனால் செல்லைப் பிரியத் தூண்டும் நொதிகள் அதன் மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துணுக்குகளை ஒட்டிவிட்டால் அதன் வேகம் குறைந்துவிடுகிறது. ஒட்ட முடியாதபடி மாற்றிய புரதத்தைக் கொடுத்தபோது தவளைக் கருவில் நரம்பு செல்கள் கூடுதலாக உருவாயின. 2015இல் வெளிவந்த முடிவு இது. அப்படியானால் அந்த நொதிகளைத் தடுத்தால் கட்டியின் செல்லும் பெருகுவதை விட்டு நரம்பாக முதிருமா? அதே நொதிகளில் சிலவற்றைத் தடுக்கும் பால்போசிக்லிப், மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் மாத்திரை. அதை நியூரோபிளாஸ்டோமா செல்களுக்குக் கொடுத்தபோது பெருக்கம் குறைந்து, செல்கள் நரம்பைப் போல நீளத் தொடங்கின. 2023இல் அது அச்சேறியது.

குழந்தைகளைக் குணமாக்கிவிட்டோம் என்று நான் சொல்லவில்லை, அப்படி யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தவளை தந்தது துப்பு மட்டுமே. அதை மனிதச் செல்லிலும் எலியிலும் சரிபார்த்து, பிறகுதான் பிள்ளைகளிடம் போக வேண்டும். வழி நீளம். கட்டிகளில் ஐந்தில் ஒன்றில் மிக்-என் என்ற மரபணு பல மடங்கு நகலாகிக் கிடக்கிறது. 1983இலேயே கண்டுபிடித்தாயிற்று, ஆனால் அதை நேரடியாக அடக்கும் மருந்து மருத்துவமனைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

உயிர்வதை என்று தயங்குவோருக்கும் ஒரு வார்த்தை. தானாக இரை தேடும் பருவம் வந்ததும் தலைப்பிரட்டையைப் பிரிட்டிஷ் சட்டம் பாதுகாக்கத் தொடங்குகிறது. நாங்கள் சொல்லும் சோதனைகள் அதற்கு முன்பே, முதல் சில நாட்களில் முடிந்துவிடும்.

மருந்துச் சோதனைகளுக்கும் குடும்பங்களின் பயணச் செலவுக்கும் நீங்கள் தருவதில் ஒரு பைசாகூடக் குறைய வேண்டாம். கருவளர்ச்சி ஆய்வுக்கென்று இருக்கும் சிறு பங்கை மட்டும் இந்த வருடம் வெட்டிவிடாதீர்கள். முடிவெடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை ஆய்வகத்துக்கு வாருங்கள். காலையில் முட்டைகளைக் கருவுறச் செய்து வைக்கிறேன். ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம், அந்த முதல் பிளவை நுண்ணோக்கியில் நீங்களே பார்க்கலாம்.

அன்புடன்,
தவளைக் கருக்களோடு வேலை செய்யும் ஒருத்தி