சேர்வராயன் மலை ஊர்க்கவுண்டர்களுக்கு: நம் பிள்ளைகளின் போலீஸ் வேலை பற்றி

சேலநாடு, மோகநாடு, முட்டநாடு மூன்று நாட்டு ஊர்க்கவுண்டர்களுக்கும், ஊர்க்கூட்டத்தில் பேச்சுக்கு மரியாதை உள்ள மற்ற பெரியவர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஓய்வு பெற்றவன் நான். சர்வீஸில் பெரும்பகுதி ஸ்டேஷன் ரைட்டர், அதாவது புகாரையும் வழக்கையும் எழுதிப் பதிகிற வேலை. இப்போது ஏற்காடு அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு, காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குக் காலை நேரத்தில் ஓட்டமும் கயிறு ஏறுவதும் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் உங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். அவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. மீதி உங்கள் கையில் இருக்கிறது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஓட்டத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கீழ்நாட்டுப் பையன்கள் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பள்ளிக்கூடத்துக்கே மேடும் பள்ளமுமாக நடந்து வளர்ந்த உங்கள் பையன்கள் பேசிக்கொண்டே ஓடி முடிக்கிறார்கள். கயிறுதான் இடிக்கும். ஒரு புளியமரக் கிளையில் கயிறு கட்டி, 5 மீட்டரில் வெள்ளைத் துணியும் 6 மீட்டரில் சிவப்புத் துணியும் முடிந்து வைத்திருக்கிறேன். வெள்ளையைத் தொட்டால் ஒரு நட்சத்திரம், சிவப்பைத் தொட்டால் இரண்டு; அதை வைத்துத்தான் மதிப்பெண். மிளகு பறிக்க மரம் ஏறிப் பழகிய பையன் கயிற்றையும் மரம் மாதிரியே கட்டிப்பிடிப்பான். கயிறு அவனோடு சேர்ந்து சுற்றும், அவன் நடுவில் தொங்குவான். உள்ளங்கைத் தோல் உரிந்து, காய்த்து, கையை மாற்றி மாற்றி இழுக்கிற சூட்சுமம் பிடிபட்டதும் சிவப்புத் துணி தானாகக் கைக்கு வந்துவிடும்.

எழுத்துத் தேர்வும் மலை ஏறுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. பத்தாம் வகுப்பு பாஸ் போதும். தமிழ்த் தகுதித் தேர்வில் 80-க்கு 32 எடுத்தால் தாண்டிவிடலாம், அந்த மதிப்பெண் ரேங்கில் சேராது. அடுத்த 70 மதிப்பெண் தாளில் பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25. உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆக நூறு.

இதெல்லாம் பிள்ளைகளின் பாடு. ஆனால் நான் பார்த்தவரை, மைதானத்தில் தோற்று வேலையை இழந்த மலைப் பிள்ளைகளைவிட, ஊரில் நடந்த ஏதோ ஒன்றால் இழந்தவர்கள்தான் என் கண்ணுக்குள் நிற்கிறார்கள்.

புகார் மனுவில் இருந்து தொடங்குகிறேன். திருவிழாவில் இரண்டு குடும்பத்துக்குள் தள்ளுமுள்ளு. அடித்தவர்கள் இரண்டு பேர். விடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஒரு வெள்ளைத்தாள் வரும். முதல் இரண்டு பெயர் நீல மையில் தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே, வரிக்கும் வரிக்கும் நடுவில் நெருக்கி, வேறு பேனாவில் இன்னும் நாலு பெயர். "இவனும் அடித்தானா?" என்று கேட்டால், "அவன் தம்பி சார், எழுதிக்கோங்க" என்பார்கள். அந்தத் தம்பி தேர்வுக்குப் படிக்கிறவன் என்பது எதிர்த் தரப்புக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறார்கள். மதியத்துக்குள் இந்தப் பக்கத்திலிருந்து ஓர் எதிர்ப்புகார் வரும், அதிலும் இதே கதை. குற்றம் சாட்டப்பட்டவர் வரிசையில் ஏ1, ஏ2 என்று போய் ஏ6-இல் நிற்கும் பையன் அன்று ஊரிலேயே இருந்திருக்க மாட்டான்.

அப்புறம் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். கொஞ்ச நாளில் இரண்டு குடும்பமும் ராசியாகிவிடும், ஒரே பந்தியில் சாப்பிடும். கோர்ட்டில் சாட்சி மாற்றிச் சொல்ல, கேஸ் விடுதலை. ஊரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. பையனுக்கு அங்கேதான் ஆரம்பம். எழுத்து, உடல்திறன், மருத்துவம் எல்லாம் தேறி வெரிஃபிகேஷனுக்கு வரும்போது படிவத்தில் கேட்பார்கள், உங்கள் மீது வழக்கு எதுவும் உண்டா என்று. உண்டு என்று எழுதினால் ஒரு சிக்கல். இல்லை என்று எழுதினால் மறைத்ததற்காகவே வெளியே. எல்லா ஸ்டேஷன் வழக்குகளையும் இணைக்கிற சி.சி.டி.என்.எஸ். கணினியில் பெயரைத் தட்டினால் எஃப்.ஐ.ஆர். நம்பரோடு வந்துவிடும்.

"விடுதலை ஆகிட்டானே சார்" என்று என்னிடம் வந்து நின்ற அப்பன்மார்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பணி விதி என்ன சொல்கிறது தெரியுமா? சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானாலும், புகார் கொடுத்தவரே சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானாலும், அவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் கணக்குதான். நீங்கள் பேசி முடிக்கிற ராசி எல்லாமே இந்த இரண்டாவது வகையில்தான் போய் விழுகிறது. சின்ன வயதில் நடந்த அற்ப விஷயமாக இருந்தால் வேலை கொடுப்பவர் பார்த்து விட்டுக்கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. விட்டுக்கொடுப்பதும் கொடுக்காததும் அதிகாரியின் முடிவு. எதிர்த்து வழக்குப் போட்டுக் காத்திருப்பதற்குள் பையனுக்கு வயது தாண்டிவிடும். இந்த விதி கொஞ்சம் கடுமை என்பதுதான் என் அபிப்பிராயமும், ஆனால் என் அபிப்பிராயத்தை வைத்து யாரும் ஆர்டர் போடப்போவதில்லை.

ஊரில் எல்லாவற்றையும் மூடி மறையுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டுக்குத்து, பெண்பிள்ளை மீது கைவைத்தது, சாதி சொல்லி அவமானப்படுத்தியது, இவற்றை ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தால் அது வேறு குற்றம். புகார் கொடுங்கள். செய்தவன் பெயரை எழுதுங்கள். செய்யாதவன் பெயரை எழுத உங்கள் முன்னால் பேனா எடுத்தால், நீங்கள் தடுக்க வேண்டும். எதிரி வீட்டுப் பிள்ளையானாலும்.

மீறிப் பெயர் ஏறிவிட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போடும்போது, சம்பந்தமில்லாதவர் பெயரை விசாரணை அதிகாரி நீக்க முடியும். அதற்கு, அந்த நேரத்தில் பையன் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தான், சேலத்தில் வகுப்பில் இருந்தான் என்று ஊரிலிருந்து யாராவது வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் வருவதில்லை, அடுத்தவன் வீட்டுச் சண்டை நமக்கெதற்கு என்று. குற்றப்பத்திரிகைக்குப் பிறகு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும், காசும் ஆகும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். சேலம் மாவட்டத்தில் உங்கள் மலையாளி சமூகம் (கேரளக்காரர் அல்ல, மலைவாழ் மக்கள்) பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சான்று இருந்தால் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் உயரம் 167 ஆகக் குறைகிறது, பெண்களுக்கு 159 என்பது 157 ஆகிறது, வயது வரம்பு 26-இலிருந்து 31-க்குப் போகிறது. 168 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு காகிதம் இருந்தால் அவன் உள்ளே, இல்லையென்றால் கயிற்றைப் பார்க்காமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தருவதில்லை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தர வேண்டும். விசாரணைக்கு ஆள் வரும், உறவுக்காரர்களின் பழைய சான்றுகளைக் கேட்பார்கள், ஊர்ப் பெரியவர்களிடம் விசாரிப்பார்கள். அன்றைக்கு நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போதே சாதிப் பெயரை வெறும் 'கவுண்டர்' என்று எழுதிவைத்தால் பின்னால் அதை நேர்செய்ய அலைய வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கதைக்காகாது.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுப் போலீஸில் 1973-இல் முதன்முதலில் பெண்களை எடுத்தார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்றைக்கு 30 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கீடு. அவர்களுக்குக் கயிறு கிடையாது. 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் ஓடினால் போதும், பிறகு நீளம் தாண்டுதல், குண்டு அல்லது பந்து எறிதல், ஒரு குறு ஓட்டம். தலையில் விறகோடு ஏற்றம் ஏறுகிற பிள்ளைக்கு இது பெரிய காரியமா? ஆனால் நன்றாக ஓடுகிற பெண் திடீரென்று ஒரு நாள் வருவதை நிறுத்திவிடுகிறாள். கேட்டால் பரிசம் போட்டாச்சு என்கிறார்கள். 18 முடிந்ததும் கல்யாணம் என்று இருப்பதை 21, 22 என்று தள்ளி வைத்தால் இரண்டு தேர்வாவது எழுதிப் பார்ப்பாள். வேலை கிடைத்த பெண்ணுக்கு 12 மாதம் மகப்பேறு விடுப்பு சம்பளத்தோடு உண்டு என்பதையும் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவையுங்கள். சேலத்தில் பிறந்த பிரித்திகா யாஷினி, திருநங்கை என்பதால் விண்ணப்பத்தைத் தள்ளியபோது உயர் நீதிமன்றம் போய் 2015-இல் தீர்ப்பு வாங்கி, 2017-இல் தருமபுரி மாவட்டத்தில் எஸ்.ஐ.யாக வேலைக்குச் சேர்ந்தார். நம் ஊர்ப் பெண்ணுக்கு வழக்குக்கூட வேண்டியதில்லை, வீட்டில் விட்டால் போதும்.

புரோக்கர் பற்றி ஒரு வரி: காவலர் தேர்வில் நேர்முகத் தேர்வே கிடையாது, சொல்லி வாங்கித் தருகிறேன் என்று எவன் வந்தாலும் தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள்.

இந்த வேலை சொர்க்கம் என்று ஏமாற்ற மாட்டேன். அடிப்படைச் சம்பளம் 18,200-இல் தொடங்குகிறது. பண்டிகை நாளில் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள், நாம் பந்தோபஸ்தில் நிற்போம். வார ஓய்வு என்று 2021-இல் உத்தரவு வந்தது நல்ல விஷயம், பந்தோபஸ்து நாளில் அதைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். ஆனாலும் மலைக்காரர் ஒருவர் புகாரோடு ஸ்டேஷன் வாசலில் தயங்கி நிற்கும்போது, உள்ளே அவர் பேச்சு புரிகிற ஒருவர் பாராவில் (காவல் பணியில்) இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் திரும்பிப் போகாமல் உள்ளே வருவார்.

அதனால் ஐயா, இந்த வைகாசித் திருவிழாவுக்கு முன்னால் ஊர் கூடும்போது இந்த மடலை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். எந்த ஊரில் கூப்பிட்டாலும் பஸ் ஏறி வருகிறேன், புகார் மனுவை எப்படி எழுத வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிக் காட்டுகிறேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மனு போட வேண்டிய பிள்ளைகளின் பெயரை அன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், படிவத்தை நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரைட்டர் ஒருவர்,
ஏற்காடு அடிவாரம், சேலம்.