சிங்கப் பாட்டுக்குச் சொந்தக்காரர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாடுகளில் பலர் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் உழைத்து எழுதியிருக்கிறார். ஆனால் காட்டில் சிங்கம் தூங்குவதாக வரும் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்ற அந்த ஆங்கிலப் பாட்டுக்கு வந்ததும், ‘ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாடலைத் தழுவியது’ என்று ஒரு வரியில் கதையை முடித்துவிட்டார். அது நாட்டுப்புறப் பாடல் அல்ல. அதை உண்டாக்கியவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, கோட்டு சூட்டோடு தம் குழுவினருடன் வரிசையில் நிற்கும் புகைப்படம்கூட உண்டு. அவர் பெயர் சாலமன் லிண்டா.

நான் வியாசர்பாடிக்காரன். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் கேசட் பதிவு செய்து தரும் கடை வைத்திருந்தேன். வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அறுபது நிமிட கேசட்டில் அவற்றைப் பதிந்து, உள்ளே வைக்கும் அட்டையில் பாட்டு, பாடியவர், இசை என்று கோடு போட்டு எழுதிக் கொடுப்பேன். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பெரம்பூரிலிருந்து ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர் தங்கள் வீட்டு இசைத்தட்டுகளைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். சிங்கப் பாட்டை அப்படித்தான் முதலில் கேட்டேன். அமெரிக்காவின் டோக்கன்ஸ் குழு 1961-இல் பாடியது. அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது. ஆண் குரல் ஒன்று பெண் குரலுக்குச் சமமாக உச்சிக்குப் போய், அங்கேயே நின்று விளையாடும். கடைக்கு வந்த சிறுவர்களெல்லாம் அந்த இடத்தை மட்டும் கத்திப் பாடிக்கொண்டு ஓடுவார்கள்.

அந்த உச்சக் குரல் டோக்கன்ஸ் குழுவின் சரக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் 1939-ஆம் ஆண்டு காலோ நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது அது. நேட்டால் மாகாணத்தின் மாட்டு மேய்ச்சல் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த லிண்டா, ஈவ்னிங் பேர்ட்ஸ் என்ற குழுவை நடத்தினார். அன்று பாட வந்த பாட்டின் பெயர் ‘இம்பூபே’. ஜூலு மொழியில் சிங்கம். இரண்டு முறை பதிவு செய்து பார்த்தும் சரிப்படவில்லை. தயாரிப்பாளர் கிரிஃபித்ஸ் மொட்சியலோவா வெளியே எட்டிப் பார்த்து, கையில் கிடைத்த பியானோ, கிட்டார், பாஞ்சோ கலைஞர்களை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது முறை தொடங்கியது. ஒத்திகை இல்லாத வாத்தியங்கள் முதலில் தடுமாறுவது இன்றும் அந்தப் பதிவில் கேட்கிறது. பிறகு அடித்தொண்டைக் குரல்கள் சேர்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப இடிக்கின்றன. லிண்டா அதன் மேல் கூவுகிறார், இறங்குகிறார், முனகுகிறார். எல்லாம் முடியப் போகிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில், கடைசிச் சில விநாடிகளில், யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு மெட்டை எடுத்து வீசுகிறார். ஆங்கிலப் பாட்டில் காடும் சிங்கமும் வரும் வரிகளின் மெட்டு முழுவதும் அந்தச் சில விநாடிகள்தான். பேரனின் கைபேசியில் அந்த 1939 பதிவை நான் முதலில் கேட்டபோது, கீறல் சத்தத்துக்கு நடுவே அந்த இடம் வந்ததும் நிறுத்தி மறுபடி போடச் சொன்னேன்.

பாட்டின் உரிமைக்கு லிண்டாவின் கைக்கு வந்தது பத்து ஷில்லிங். இசைத்தட்டோ பத்தாண்டுக்குள் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பிரதி விற்றது. அவர் காலோ நிறுவனத்தின் கிடங்கிலேயே தரை பெருக்கி, டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் கதைக்கு வருகிறேன். ஆலன் லோமாக்ஸ் என்ற பாட்டுச் சேகரிப்பாளர் வழியாக அந்தத் தட்டு அமெரிக்கப் பாடகர் பீட் சீகரிடம் போனது. அவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு, ‘விமோவே’ என்ற பெயரில் வீவர்ஸ் குழுவோடு பாடினார். அது 1952-இல் வெற்றி பெற்றது. ஆசிரியர் இடத்தில் பால் கேம்பெல் என்று போட்டார்கள். அப்படி ஒரு மனிதரே கிடையாது. ராயல்டி வாங்குவதற்காக அந்தக் குழு வைத்துக்கொண்ட புனைபெயர் அது. சீகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: லிண்டாவைப் பற்றித் தெரிந்ததும் ஆயிரம் டாலர் அனுப்பியவர் அவர். மற்ற பலர் அதுவும் செய்யவில்லை. 1961-இல் ஜார்ஜ் டேவிட் வெய்ஸ் ஆங்கில வரிகள் எழுத, டோக்கன்ஸ் பாடினார்கள். பிரான்சில் ஆன்ரி சால்வதோர் பாடினார். இங்கிலாந்தில் 1982-இல் டைட் ஃபிட் என்ற குழு அதை அந்நாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. 1994-இல் டிஸ்னியின் சிங்க ராஜா படத்தில் காட்டுப்பன்றியும் கீரியும் பாடிக்கொண்டு போகின்றன. இடையில் தென்னாப்பிரிக்காவின் மிரியம் மக்கேபா மட்டும் 1960-இல் அதை ஜூலு மொழியிலேயே பாடிப் பதிந்தார். என்னைக் கேட்டால் மறுபதிப்புகளில் கேட்கத் தகுந்தது அது ஒன்றுதான்.

லிண்டா 1962-இல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். வங்கிக் கணக்கில் இருபத்தைந்து டாலர்கூட இல்லை. அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் நடவே பதினெட்டு ஆண்டு ஆனது.

2000-இல் ரியான் மாலன் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் இதையெல்லாம் தோண்டி எழுதினார். ஒரு பத்திரிகையால் ஆகக்கூடிய வேலை என்பதால்தான் தங்களுக்கு இதை எழுதுகிறேன். அதன் பிறகு வழக்கறிஞர்கள் பழைய பிரிட்டிஷ் சட்டம் ஒன்றைத் தூசு தட்டினார்கள். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆசிரியர் இறந்து 25 ஆண்டு ஆனதும் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். அப்படியானால் 1987 முதல் அந்தப் பாட்டு லிண்டாவின் மகள்களுடையது. 2004-இல் டிஸ்னி மீது வழக்குப் போட்டார்கள். தென்னாப்பிரிக்க நீதிமன்றம் டிஸ்னி நிறுவனம் அங்கே பதிந்திருந்த வணிகச் சின்னங்களை, மிக்கி மவுஸ் உட்பட, ஜப்தி செய்தது. 2006-இல் பாட்டின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்து, வாரிசுகளுக்குப் பங்கு தர ஒப்புக்கொண்டது. ஒரு மகள் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

எங்கேயோ நடந்ததற்கு வியாசர்பாடியில் இருக்கும் இவருக்கு என்ன இவ்வளவு கோபம் என்று தாங்கள் கேட்கலாம். காசிமேட்டில் ஐஸ் கட்டி சுமந்துகொண்டிருந்த ஒரு அண்ணனை எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் சங்கடப்படுவார். புளியந்தோப்பிலும் எங்கள் பக்கத்திலும் யாராவது இறந்தால் காரியத்துக்கு முதல் நாள் இரவு அவரைக் கூப்பிடுவார்கள். தெருவை அடைத்துச் சாமியானா, குழல் விளக்கு, இறந்தவரின் மாலை போட்ட படம், ஒரு டோலக், ஒரு தபேலா. இறந்தவர் எந்தத் தெரு, எங்கே வேலை பார்த்தார், எந்த டீக்கடையில் உட்காருவார் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். பின்னி மில்லில் வேலை பார்த்த ஒருவரின் காரியத்துக்கு அவர் கட்டிய பாட்டில், கடைசி அடியில் மில் சங்கு ஊதுவதுபோல் குரலை மேலே இழுத்து, மூச்சு முட்டும்வரை பிடித்து, சட்டென்று விடுவார். மில்லில் வேலை பார்த்த கிழவர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள்.

சில ஆண்டு கழித்து அந்தப் பாட்டு வேறொருவர் குரலில் கேசட்டாக வந்தது. சங்கு இழுப்பு அப்படியே இருந்தது, மில் மட்டும் இல்லை. அட்டையில் ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் ‘வட சென்னை பாரம்பரிய கானா’ என்று அச்சடித்திருந்தார்கள். கேசட் போட்டவர்கள் அண்ணனை ஒருநாள் அழைத்துப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, வழிச்செலவுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் என் கடைக்கு வந்து அந்த கேசட்டை வாங்கினார். காசு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

கானா என்பதே ஊர்ச் சொத்து, மெட்டுகள் கைமாறித்தான் வளர்ந்தன, இதில் தனி உரிமை எங்கே வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. லிண்டாவும் சிறுவயதில் கேட்ட கல்யாணப் பாட்டையும் மிஷன் பள்ளியின் கூட்டுப் பாட்டையும் கலந்துதான் பாடினார். அவருடைய ஊர்க்காரர்கள் அவர் பாணியை எடுத்துப் பாடியபோது யாரும் வழக்குப் போடவில்லை. ஜூலு மக்களின் ஒரு பாட்டு வகைக்கே ‘இம்பூபே’ என்று அந்தப் பாட்டின் பெயர்தான் நிலைத்தது. அது வேறு. தெருவுக்குத் தெரு பாடும்போது இது யார் கட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். தட்டாகவும் படமாகவும் ஆகிக் காசு வரத் தொடங்கும்போதுதான் கட்டியவர் திடீரென்று ஊராகவும் நாட்டுப்புறமாகவும் மாறிவிடுகிறார்.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, ‘இயற்றியவர்: சாலமன் லிண்டா, 1939’ என்று அச்சிடுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்று எனக்கே தெரிகிறது. வெட்டுவதானால் என் கடைக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், அவர் பெயரை வெட்ட வேண்டாம்.

இரண்டாவது, நம் பகுதிப் பாடகர்களுக்குப் பயன்படும்படி பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றி எளிய தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். 1957-ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி, கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் பதிப்புரிமை கைமாறாது. எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்தே ஆண்டுதான். 2012-இல் வந்த திருத்தத்தின்படி, படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டுக்கு வரிகள் எழுதியவரும் மெட்டுக் கட்டியவரும் ராயல்டியில் சம பங்கு கேட்கலாம். திரையரங்கில் படம் ஓடும்போது பாட்டு ஒலிப்பது மட்டும் விதிவிலக்கு. அந்தப் பங்கைத் தம் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவே முடியாது. கொடுத்தாலும் செல்லாது. கட்டியவர் ஆயுள் முடிந்து 60 ஆண்டு வரை உரிமை நிற்கும். இது காசிமேட்டிலும் புளியந்தோப்பிலும் பாடுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. வழிச்செலவு வாங்கிக்கொண்டால் பாட்டும் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் வெளிவந்தால் சொல்லுங்கள், படியெடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வியாசர்பாடி, சென்னை – 39.